தொடுகிறோமா, தொடவில்லையா?



கொஞ்ச நாளாகப் புலனத்திலும் காணொளிகளிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். "நீங்கள் பிறந்ததிலிருந்து எதையுமே தொட்டதில்லை. நாற்காலியில் உட்காரும்போதுகூட அதன்மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். அணுவுக்குள் 99 விழுக்காட்டுக்கு மேல் வெற்றிடம். ஆகவே எல்லாம் மாயை என்று நம் முன்னோர் சொன்னதை அறிவியலே ஒத்துக்கொண்டுவிட்டது." இப்படிப் போகும் அந்தச் செய்தி.

கேட்க நல்லாத்தான் இருக்கு. சமய வகுப்பில் ஒரு தம்பி எழுந்து இதைச் சொன்னால் கைதட்டல்கூட கிடைக்கும். ஆனால் அதே வகுப்பில் படிவம் 5-இல் இயற்பியல் படிக்கும் ஒரு தங்கை, "அப்படின்னா கண்ணாடியில் கைரேகை எப்படிப் பதியுது?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பாதி தெரிந்த அறிவியலைக் கொண்டுபோய்ச் சமயத்துக்கு முட்டுக் கொடுக்கிறோம். அந்த முட்டு விழும்போது, சமயமும் இப்படித்தானோ என்ற சந்தேகம் இளையவர்கள் மனத்தில் வந்துவிடுகிறது. அதனால் இந்தப் பாடத்தில் "தொடுதல்" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு, அணு அளவில் அதற்கு என்ன பொருள் என்று பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம்

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் 1 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். ஓர் அணுவின் அகலமோ ஏறக்குறைய 0.1 முதல் 0.3 நானோமீட்டர்தான். அதாவது ஒரு முடியின் குறுக்கே சுமார் நான்கு லட்சம் அணுக்களை வரிசையாக அடுக்கலாம்.

1911-இல் மான்செஸ்டரில் இருந்த எர்னஸ்ட் ரூதர்ஃபோர்ட், அணுவின் எடை ஏறக்குறைய முழுவதும் நடுவில் ஒரு மிகச் சிறிய கருவில் குவிந்திருக்கிறது என்று காட்டினார். அணுவைப் புக்கிட் ஜாலில் அரங்கம் அளவுக்குப் பெரிதாக்கினால், அணுக்கரு அதன் நடுவில் வைத்த ஒரு பட்டாணி அளவில்தான் இருக்கும். "எல்லாம் வெற்றிடம்" என்ற பேச்சு இந்தப் படத்திலிருந்துதான் பிறந்தது.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு குறை உண்டு. பட்டாணியைத் தவிர மற்ற இடமெல்லாம் காலி, அதில் எலெக்ட்ரான்கள் ஈ பறப்பதுபோல் சுற்றுகின்றன என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1920-களில் வந்த குவாண்டம் இயற்பியல் வேறு படத்தைத் தந்தது. எலெக்ட்ரான் ஒரு குட்டிப் பந்துபோல் ஓர் இடத்தில் இருந்துகொண்டு சுற்றுவதில்லை. அணுக்கருவைச் சுற்றிலும் ஒரு மேகம்போல் பரவியிருக்கிறது. அரங்கம் முழுக்க அந்த மேகம் நிரம்பியிருக்கிறது. எடையைப் பார்த்தால்தான் அது காலி மாதிரி தெரியும்.

அணுவுக்கு வேலி இல்லை

வீட்டு மனைக்கு வேலி உண்டு. "இதுவரை என் நிலம், அதற்கு அப்பால் உன் நிலம்" என்று கைகாட்டலாம். எலெக்ட்ரான் மேகத்துக்கு அப்படி ஓர் ஓரம் கிடையாது. கருவிலிருந்து விலக விலக மெலிந்துகொண்டே போகும். ஆனால் இந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று கோடு போட முடியாது.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1981-இல் சூரிச் நகருக்கு அருகே ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் என்ற இருவர் ஒரு புதுவகை நுண்ணோக்கியை உருவாக்கினார்கள். மிகக் கூர்மையான உலோக ஊசியை ஓர் உலோகப் பரப்புக்கு 1 நானோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஊசி பரப்பின் மேல் மோதுவதில்லை. ஆனாலும் மெல்லிய மின்னோட்டம் பாயும்! இரண்டு பக்கத்து எலெக்ட்ரான் மேகங்களின் விளிம்புகளும் ஒன்றையொன்று எட்டிவிடுவதுதான் காரணம். ஊசியை இன்னும் 0.1 நானோமீட்டர் தூக்கினால், மின்னோட்டம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மேகம் எவ்வளவு வேகமாக மெலிகிறது என்று இதிலிருந்து தெரிகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக இருவரும் 1986-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். "தொடுதல் என்றால் இரண்டு பொருளின் ஓரமும் இடைவெளி இல்லாமல் சேர்வது" என்று நாம் வழக்கமாக நினைக்கிறோம். ஓரமே இல்லாத பொருளுக்கு இடைவெளியை எங்கிருந்து எங்கே அளப்பது? ஆகவே "அணுக்கள் தொடுவதே இல்லை" என்ற கூற்று ஒரு கண்டுபிடிப்பு ஆகாது. அணு அளவில் பொருந்தாத அளவுகோலைக் கொண்டுபோய் வைத்ததால் வந்த குழப்பம் அது.

நெருங்கும்போது நடப்பது என்ன?

இரண்டு அணுக்கள் மெல்ல மெல்ல நெருங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்று கட்டங்கள் நடக்கும்.

முதல் கட்டம்: தூரத்தில் ஒன்றுமே நடக்காது. ஓர் அணுவில் நேர் மின்னும் எதிர் மின்னும் சமமாக இருப்பதால், வெளியில் இருந்து பார்க்க அது நடுநிலையாகவே இருக்கும்.

இரண்டாம் கட்டம்: ஒரு சில நானோமீட்டருக்குள் வந்ததும் ஒரு மெல்லிய இழுப்பு தொடங்கும். எலெக்ட்ரான் மேகங்கள் ஒன்றையொன்று இலேசாக அசைக்க, இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. இதை வான்டர்வால்ஸ் விசை என்பார்கள். கூரையில் தலைகீழாக ஓடும் பல்லி இந்த விசையில்தான் பிழைக்கிறது. அதன் விரலடியில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியும் சுமார் 200 நானோமீட்டர் அகலமுள்ள சிறு தட்டுகளாகப் பிரிந்திருக்கும். அவை சுவரை அவ்வளவு நெருங்கிவிடுவதால் இழுப்பு கூடிக் கூடிப் பல்லியின் எடையையே தாங்கிவிடுகிறது. பசையும் இல்லை, உறிஞ்சும் கிண்ணமும் இல்லை. நம் நாட்டுக் காடுகளிலும் வாழும் பெரிய டோக்கே பல்லியை வைத்துச் செய்த ஆய்வில் 2002-இல் இது உறுதியானது.

மூன்றாம் கட்டம்: இன்னும் நெருங்கினால் மேகங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியத் தொடங்கும். உடனே இழுப்பு மாறி, தள்ளல் ஆகிவிடும். அதுவும் சாதாரணத் தள்ளல் இல்லீங்க. நூறில் ஒரு பங்கு நானோமீட்டர் கூடுதலாக நெருங்கினாலே விசை வெகுவாக ஏறிவிடும். மேசையை நாம் அழுத்தும்போது அது "கெட்டியாக" இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஏன் தள்ளுகிறது?

"எலெக்ட்ரானும் எலெக்ட்ரானும் ஒரே மின், அதனால் தள்ளுகின்றன" என்று பல காணொளிகள் சொல்லிவிட்டுப் போய்விடும். அது பாதிப் பதில்தான். எதிரே இருக்கும் அணுவில் நேர் மின்னுள்ள கருவும் இருக்கிறதே, அது இழுக்காதா?

மீதிப் பதிலை 1925-இல் வுல்ஃப்காங் பவுலி தந்தார். இரண்டு எலெக்ட்ரான்கள் எல்லா வகையிலும் ஒரே நிலையில் இருக்க முடியாது என்பது அவர் கண்ட விதி. இதை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பாகக் கற்பனை செய்யுங்கள். கீழ் மாடிகளில் எல்லா வீடும் நிரம்பிவிட்டது. புதிதாக ஒருவர் உள்ளே வரவேண்டுமானால் மேல் மாடிக்குத்தான் ஏறவேண்டும். மின்தூக்கி இல்லை, படியேற வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். இரண்டு அணுக்களின் மேகங்களை ஒரே இடத்தில் திணிக்கும்போதும் இதே கதைதான். கீழ்நிலைகள் நிரம்பியிருப்பதால் எலெக்ட்ரான்கள் கூடுதல் ஆற்றலுள்ள நிலைக்கு ஏறியாகவேண்டும். அந்த ஆற்றலை யார் தருவது? அழுத்துகிற நம் கைதான். அந்தச் செலவைத்தான் நாம் "தள்ளல்" என்று உணர்கிறோம்.

மின்விசை மட்டும் இருந்து இந்த விதி இல்லாமல் போயிருந்தால், கல்லும் மரமும் நம் உடலும் இப்படி இடம் பிடித்து நிற்க முடியாது. எல்லாம் சுருங்கிப் போயிருக்கும். 1967-இல் ஃப்ரீமன் டைசன், ஆண்ட்ரூ லெனார்ட் என்ற இரு அறிஞர்கள் இதைக் கணித முறையில் நிறுவினார்கள்.

அப்போ தொடுதல் என்றால் என்ன?

இப்போது ஒரு பென்சிலை எடுங்கள். அதன் முனையில் இருப்பது கிராஃபைட். கரி அணுக்கள் தாள்தாளாக அடுக்கப்பட்ட பொருள் அது. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் இடையே உள்ள தூரம் 0.335 நானோமீட்டர். இழுப்பும் தள்ளலும் சரிசமமாக நிற்கும் இடம் அதுதான். நாம் எழுதும்போது அந்தத் தாள்கள் வழுக்கிப் பிரிந்து காகிதத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

விரலை மேசைமேல் வைக்கும்போது உண்மையில் படிகிற இடங்களில், விரலின் அணுவுக்கும் மேசையின் அணுவுக்கும் இடையே உள்ள தூரமும் இதே அளவை ஒட்டித்தான் இருக்கும். இங்கேதான் நன்றாக யோசிக்கவேண்டும். "0.3 நானோமீட்டர் தூரம் இருக்கு, அதனால விரல் மேசையைத் தொடலை" என்று சொன்னால், பென்சில் முனையின் ஒரு தாளும் மறு தாளைத் தொடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அப்படியானால் பென்சில் என்ற பொருளே ஒன்று சேர்ந்து இல்லை! எதற்குமே பயன்படாத அளவுக்கு அந்தச் சொல்லை இறுக்கிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

அறிவியலாளர்கள் இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்த்துக்கொண்டார்கள். 1986-இல் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் மூவரும் அணுவிசை நுண்ணோக்கி என்ற கருவியை வெளியிட்டார்கள். வளையக்கூடிய மெல்லிய தகட்டின் நுனியில் ஓர் ஊசிமுனை இருக்கும். பரப்பின் அருகே போகும்போது தகடு எந்தப் பக்கம் எவ்வளவு வளைகிறது என்று அளப்பார்கள். முனை தள்ளலை உணரும் தூரத்தில் வைத்து வேலை செய்தால், அதற்குப் பெயரே "தொடு முறை". அதாவது இடைவெளி இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. விசை எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டு பொருள்களின் எலெக்ட்ரான் மேகங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, ஒன்றையொன்று தள்ளும் அளவுக்கு நெருங்கிவிட்டால், அவை தொடுகின்றன. நாற்காலியில் உட்காருவது மிதப்பது ஆகாது. தொடுவது என்பதே அதுதான்.

பெரிய பொருள்களில் ஒரு வியப்பு

மளிகைக் கடை எடைக்கல்லைப் போல 1 கிலோ எடையுள்ள ஓர் இரும்புக் கட்டியை, இரும்புத் தகட்டின்மேல் வைப்போம். கட்டியின் அடிப்பகுதி சுமார் 25 சதுர சென்டிமீட்டர். அது முழுக்கப் படிந்திருக்கிறது என்றுதானே நினைப்போம்? எவ்வளவு பளபளப்பாகத் தேய்த்தாலும் இரும்பின் மேற்பரப்பு அணு அளவில் மேடும் பள்ளமும்தான். தித்திவங்சா மலைத்தொடரைப் பெயர்த்துத் தலைகீழாக இன்னொரு மலைத்தொடரின்மேல் கவிழ்த்தால் எப்படியிருக்கும்? சில சிகரங்கள் மட்டுமே முட்டும். இரும்பும் அப்படித்தான். எடையைத் தாங்கும் அளவுக்குச் சிகரங்கள் நசுங்கும், அவ்வளவுதான். கணக்குப் போட்டால் உண்மையில் தொடும் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. மொத்த அடிப்பரப்பில் இது இரண்டு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதாவது, புலனச் செய்தியில் ஒரு துளி உண்மை இருக்கிறது. நாம் நினைக்கும் அளவுக்குப் பொருள்கள் தொட்டுக்கொள்வதில்லை. ஆனால் தொடுகிற இடத்தில் நன்றாகவே தொடுகின்றன. சில சமயம் அளவுக்கு மீறியும் தொட்டுவிடும்.

1724-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் டெசாகுலியர் என்ற அறிஞர் இரண்டு ஈயக் குண்டுகளில் சிறு பகுதியைச் சீவி, புதிதாகத் தெரிந்த பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்தித் திருகினார். இரண்டும் ஒட்டிக்கொண்டன. நெருப்பும் இல்லை, பசையும் இல்லை. சுத்தமான உலோகப் பரப்புகள் சேரும்போது எலெக்ட்ரான்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகிவிடுகின்றன. எது என் குண்டு, எது உன் குண்டு என்ற பேதம் அந்த இடத்தில் மறைந்துபோகிறது. நம் வீட்டுக் கரண்டியும் தட்டும் இப்படி ஒட்டிக்கொள்ளாததற்குக் காரணம், அவற்றின்மேல் படிந்திருக்கும் ஆக்சைடு, எண்ணெய், ஈரம் ஆகியவைதான்.

காற்றே இல்லாத விண்வெளியில் இது பெரிய தலைவலி. 1989-இல் ஏவப்பட்ட கலிலியோ விண்கலம், 1991-இல் தன் பெரிய குடை போன்ற ஆண்டெனாவை விரிக்க முயன்றபோது அது முழுதாக விரியவில்லை. மசகுப் பூச்சு தேய்ந்துபோன இடங்களில் உலோக ஊசிகள் சிக்கிக்கொண்டதே காரணம் என்று பொறியாளர்கள் கருதினார்கள். சிறிய ஆண்டெனாவை வைத்துக்கொண்டே அந்தக் கலம் 1995-இல் வியாழனைச் சென்றடைந்து ஆய்வு செய்தது. "எதுவும் எதையும் தொடுவதில்லை" என்று அந்தப் பொறியாளர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

தொடுவது வேறு, உணர்வது வேறு

இதுவரை பொருளும் பொருளும் தொடுவதைப் பார்த்தோம். நாம் தொடும்போது இன்னொன்றும் சேர்கிறது. தோல் அழுந்தும்போது, நரம்பு நுனிகளில் உள்ள பியெசோ 2 என்ற புரதம் திறந்து மின்குறிப்பை மூளைக்கு அனுப்புகிறது. 2010-இல் இந்தப் புரத வகையைக் கண்டறிந்த ஆய்வுக்குழுவின் தலைவர் ஆர்டெம் பட்டபூட்டியன் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிறவியிலேயே பியெசோ 2 வேலை செய்யாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். பொருள் அவர்கள் கையில் படும். ஆனால் மென்மையான தொடுகை தெரியாது. கண்ணை மூடிவிட்டால் தன் கை எங்கே இருக்கிறது என்று சொல்வதுகூட அவர்களுக்குச் சிரமம்.

நல்ல நிலையில் உள்ள விரலோ அபாரமான கருவி. 2013-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், விரலால் தடவிப் பார்த்தவர்கள் 13 நானோமீட்டர் உயரமே உள்ள சுருக்கங்களையும் வழவழப்பான பரப்பையும் வேறுபடுத்திச் சொன்னார்கள். சில பத்து அணுக்களின் உயரம் அது!

நம் மரபு என்ன சொல்கிறது?

கணாதரின் வைசேஷிக சூத்திரம் 17 குணங்களைப் பட்டியலிடுகிறது. அதில் "ஸ்பரிசம்" ஒன்று, "சம்யோகம்" இன்னொன்று. தோலால் அறியப்படுவது ஸ்பரிசம்; தனித்தனியாக இருந்த இரண்டு பொருள்கள் வந்து கூடுவது சம்யோகம். தொடுவதையும் உணர்வதையும் குழப்பிக்கொள்ளக்கூடாது என்ற தெளிவு அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. பிற்காலத்தில் பௌத்த அறிஞர் வசுபந்து ஒரு கேள்வி கேட்டார்: பகுதியே இல்லாத அணுவை ஆறு பக்கமும் ஆறு அணுக்கள் வந்து கூடினால், அதற்கு ஆறு பகுதிகள் இருக்கவேண்டுமே? ஓரம் இல்லாத ஒன்று எப்படித் தொடும் என்று இன்று நாம் கேட்ட கேள்விக்கு இது பக்கத்து வீட்டுக் கேள்விதான்.

இதை வைத்து "அன்றே அணுவைக் கண்டுபிடித்துவிட்டோம்" என்று கிளம்பிவிடாதீர்கள். கணாதர் சொன்ன பரமாணு வேறு, எலெக்ட்ரான் மேகமுள்ள இன்றைய அணு வேறு. அவர்களிடம் நாம் கற்கவேண்டியது கேள்வியைப் பிரித்துக் கேட்கும் முறையை.

மாயையும் அப்படித்தான். அத்வைதம் சொல்லும் மாயை, அணுக்களுக்கிடையே எத்தனை நானோமீட்டர் என்ற கணக்கை நம்பி நிற்கவில்லை. சைவ சித்தாந்தத்திலோ மாயை என்பது பொய்த்தோற்றமே கிடையாது. உலகம் உருவாவதற்கான மூலப்பொருள் என்றே அது சொல்கிறது. ஆக, "தொடவில்லை, அதனால் மாயை" என்ற வாதம் அறிவியலுக்கும் பொருந்தவில்லை, நம் தத்துவத்துக்கும் பொருந்தவில்லை. அடுத்த முறை அந்தச் செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், பகிர்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அனுப்பியவர் பெரியவராக இருந்தால், மரியாதையாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

வகுப்பில் பேசிப் பார்க்க

1. கண்ணாடியில் பதியும் கைரேகை, தொடுதலைப் பற்றி என்ன சொல்கிறது? விரலிலிருந்து எது கண்ணாடிக்குப் போனது?

2. பல்லியின் கால் கூரையை இழுத்துப் பிடிக்கிறது. நாம் கூரையைத் தொட்டால் ஏன் ஒட்டிக்கொள்வதில்லை? இரும்புக் கட்டியின் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

3. கரண்டியைத் தட்டின்மேல் வைத்தால் ஒட்டுவதில்லை. டெசாகுலியரின் ஈயக் குண்டுகள் ஒட்டின. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

4. ஸ்பரிசம், சம்யோகம் இரண்டுக்கும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்லுங்கள். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாத சூழல் உண்டா?